பஸ்ஸுக்கு ஒரு ப, பல்லுக்கு ஒரு ப

எனக்கு நடுக்குவாதம் மொத்தம் பத்தொன்பது நாள் இருந்தது. வந்ததும் ஸ்கூட்டரில்தான், போனதும் ஸ்கூட்டரில்தான். இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அந்தப் பத்தொன்பது நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு அந்த நோய் நிஜமாகவே இருந்தது. அது முதலில் தெரிந்தது அவர் கையில் இல்லை, வண்டியில். கோயம்புத்தூரில் அவர் வைத்திருந்த பழைய ஸ்கூட்டரில் ஆபீஸ் போய் வருவார். ஒருநாள் வந்து, "வண்டி ஆடுது கண்ணு. முன்சக்கரத்துல என்னமோ கோளாறு" என்றார். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். டயரை மாற்றினார்கள். பத்து நாளில் திரும்பவும் ஆடுகிறது என்றார். பேரிங்கை மாற்றினார்கள். மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன். அந்த மெக்கானிக் தெருக்கோடி வரைக்கும் ஓட்டிப் போய்விட்டு, வரும்போது ஹேண்டிலிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினார். வண்டி நேராக வந்தது. "கல்லாட்டம் இருக்குதுங்க. வண்டில ஒண்ணுமே இல்லீங்க" என்றார்.

"இன்னொருக்கா நல்லாப் பாருங்க" என்றார் அப்பா.

எனக்கு அப்போது வயது இருபத்து மூன்று. மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போதும் வரும், அது வேறு விஷயம். "சும்மா வண்டியவே குறை சொல்லாதீங்கப்பா. உங்களுக்குத்தான் ஓட்ட வரல" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அப்பா சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு வருஷத்துக்குள் காபி டம்ளர் ஆடியது, சட்டைப் பட்டன் போட முடியவில்லை, கையெழுத்து எறும்பு அளவுக்குச் சின்னதாகிவிட்டது. டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். அதன்பிறகு பதினோரு வருஷம் இருந்தார். கடைசியில் அவருக்குச் சாதம் ஊட்டியது அம்மாதான். "இது பரம்பரையா வருமா டாக்டர்?" என்று நான் கேட்டதற்கு, "பெரும்பாலும் வராது" என்றார் அவர். மனுஷன் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் 'பெரும்பாலும்' என்கிற சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இனி புனே. நாங்கள் வந்து நாலு வருஷம் ஆகிறது. கோந்த்வாவில் வாடகை வீடு. எனக்கு கம்ப்யூட்டர் வேலை, மனைவிக்கும் அதுவே. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஸ்கூட்டர். நான் ஆபீஸ் போகவும் அதுதான், அவள் காய்கறி வாங்கப் போகவும் அதுதான். எங்கள் தெருமுனையிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் ஏழு ஸ்பீட் பிரேக்கர். யார் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும்போது முன்பக்கம் கட்டையாக இடித்தது, தோள்பட்டை வரைக்கும் தெறித்தது. முன் ஷாக்குக்குள் எண்ணெய் இருக்கும், அது நாள்பட்டுக் கெட்டுப்போனால் இப்படித்தான் இடிக்கும், மாற்றிவிட வேண்டும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார்.

எங்கள் மாடி வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், ஆனால் மூன்று தலைமுறையாகப் புனேதான். அவருடைய தாத்தா கன்டோன்மென்ட் ஆபீஸில் வேலை பார்த்தவராம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், கடைத்தெருவில் மராத்தி. நான் ஹிந்தியில் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தாலே அவருக்குப் பொறுக்காது. "ஏன் தம்பி, நாலு வருசம் ஆச்சு, இன்னும் கை காட்டி கை காட்டியே வாங்குதிய? மராட்டில ரெண்டு வார்த்த சொல்லிப் பாருங்க, அவனுவ உங்களுக்கு சாயாவே வாங்கிக் குடுப்பானுவ" என்பார்.

எனக்கும் வீராப்பு வந்துவிட்டது. கராஜுக்குக் கிளம்பும்போது படிக்கட்டிலேயே அவரை நிறுத்தி, எண்ணெய் மாற்றுங்கள் என்பதற்கு மராத்தியில் என்ன என்று கேட்டேன். அவர் பள்ளிக்கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். இறங்கிக்கொண்டே, "தேல் பதல் கரா. அவ்ளதான், பஸ்!" என்றார். நான் போனை எடுத்து அப்படியே தமிழில் தட்டி வைத்துக்கொண்டேன். தேல் பதல் கரா. தேல் என்றால் எண்ணெய். கரா என்றால் செய்யுங்கள். பஸ் என்றால் போதும். மீதி அவர் பாடு.

கராஜ்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் குங்குமம், காதுமேல் ஒரு பென்சில். நான் முன் ஷாக்கைத் தட்டிக் காட்டினேன். ஸ்பீட் பிரேக்கரில் இடிப்பதை உடம்பை ஆட்டிக் காட்டினேன். பிறகு போனைப் பார்த்து, பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிப்பது போல, "தேல் பதல் கரா" என்று சொன்னேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாதள்?" என்றார்.

"ஹா, பதல்."

"பாதள்? நக்கீ?"

நக்கீ என்றால் நிச்சயமாகவா என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். என் மராத்தி புரிந்துவிட்ட சந்தோஷத்தில், "நக்கீ, நக்கீ! பதல்! பதல்!" என்றேன். மூன்றாவது தடவையும் கேட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எண்ணெய் மாற்று என்று ஒருத்தன் சொன்னால் இத்தனை கேள்வியா? குரலை உயர்த்தியே சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சாயங்காலம் கராஜ் பையனே வண்டியைப் பளபளவென்று துடைத்து எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டான். ஒரு மொழியை ஜெயித்துவிட்ட மிதப்பில் இருந்தேன். என் மனைவி அதற்கு முதல் நாள்தான் தங்கையின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூருக்கு ரயில் ஏறியிருந்தாள். இருந்திருந்தால் அவளிடமும் பீற்றியிருப்பேன்.

மறுநாள் வீட்டிலிருந்தே வேலை. அதற்கடுத்த நாள், புதன்கிழமை காலையில் ஆபீஸ் கிளம்பினேன். முதல் ஸ்பீட் பிரேக்கரில் இடி இல்லை. அடடா என்று நினைத்தேன். ஆனால் இறங்கிய பிறகும் ஹேண்டில் நிற்கவில்லை, மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது. மெயின் ரோட்டு சிமெண்ட் பாளங்களில் ஏறியதும் இரண்டு கையும் கிடுகிடுவென்று நடுங்கின. இறுக்கிப் பிடித்தேன். இன்னும் நடுங்கின. பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்புறக் கவிழ்வது போல் இறங்கி, எழுந்து, மறுபடி இறங்கியது. ஓரமாக நிறுத்திவிட்டேன்.

அந்த இடத்தில் எனக்கு வந்த முதல் நினைப்பு அப்பாவின் குரல்தான். "வண்டி ஆடுது கண்ணு."

வண்டியில் கோளாறு என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? இரண்டு நாள் முன்னால்தான் கராஜில் விட்டு எடுத்திருக்கிறேன், புது எண்ணெய் ஊற்றியிருக்கிறது. வண்டி சரியாக இருக்கிறது, அப்படியானால் சரியில்லாதது யார்? வண்டியிலிருந்து இறங்கினால் கை ஆடவில்லையே என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. அப்பாவுக்கும் முதலில் வண்டியில் மட்டும்தானே என்று இன்னொரு பக்கம் சொன்னது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. அப்பாவுக்கு ஆரம்பித்தபோது நாற்பத்தொன்பது.

கராஜுக்குத் திரும்பப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதுதான் என்னால் முடியவில்லை. அந்த ஆள் தெருக்கோடி வரைக்கும் ஓட்டிவிட்டு, இரண்டு கையையும் எடுத்துக் காட்டி, "வண்டில ஒண்ணுமே இல்ல சாஹேப்" என்று சொல்லிவிட்டால்? அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. கேட்காதவரைக்கும் நோய் பாதிதான் வந்திருக்கிறது என்று ஒரு கணக்கு.

வண்டியைக் கீழே உறை போட்டு மூடி நிறுத்திவிட்டு ஆட்டோவில் போக ஆரம்பித்தேன். வீட்டில் தனியாக இருந்தேன் அல்லவா, கையையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் இரண்டு கையையும் நீட்டி, மேலே ஒரு காகிதத்தை வைத்துப் பார்ப்பேன். ஆடும். ஐயோ என்று உட்கார்ந்துவிடுவேன். அது மேலே சுற்றுகிற ஃபேன் காற்று என்று நாலாவது நாள்தான் மண்டையில் உறைத்தது. ஃபேனை நிறுத்திவிட்டு வைத்தேன். ஆடவில்லை. சரி, இன்றைக்கு ஆடவில்லை, நாளைக்கு?

ஒரு நோட்டில் தினமும் என் கையெழுத்தைப் போட்டு முதல் நாள் போட்டதோடு ஒப்பிட்டேன். ஒருநாள் சின்னதாகத் தெரிந்தது. ஸ்கேலை வைத்து அளந்தேன் என்றால் நம்புவீர்களா? அளந்தேன். கவலையில் தூக்கம் போயிற்று, தூக்கம் போனதில் கை நிஜமாகவே லேசாக நடுங்க ஆரம்பித்தது. ஆபீஸ் கேன்டீனில் டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது. பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

மனைவி தினமும் போன் பண்ணுவாள். அவளிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சுத்தமாகச் சொல்ல முடியாது. பதினோரு வருஷம் அப்பாவைத் தாங்கி, கடைசியில் ஊட்டிவிட்ட கை அது. அந்த நினைப்பு வந்ததும், என் மனைவி கையில் ஸ்பூனோடு என் முன்னால் உட்கார்ந்திருப்பது மாதிரி தெரியும். டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

பதினேழாம் நாள் அவள் வந்து சேர்ந்தாள். என்னைப் பார்த்ததும், "என்னங்க இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? ஓட்டல்ல சாப்புட்டா இப்படித்தான்" என்றாள். நான் சரி என்று தலையாட்டினேன். டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு. எப்படி ஆரம்பிப்பது என்று குளிக்கும்போது மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

குளித்துவிட்டு வந்தால் ஆளைக் காணோம், வண்டிச் சாவியையும் காணோம். காய்கறி வாங்கப் போயிருக்கிறாள். எனக்குத் திடுக்கென்றுகூட இல்லை. வண்டிதான் சரியாக இருக்கிறதே.

அரைமணி நேரத்தில் கதவு படீரென்று திறந்தது. பையைத் தரையில் போட்டாள், தக்காளி உருண்டு ஓடியது. "ஏனுங்க! வண்டிய என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஏன்?"

"ஏனா? ரோட்டுல ஏறுனதும் ஹேண்டில் கெடுகெடுன்னு ஆடுதுங்க! பிரேக் புடிச்சா ஒரேடியாத் தலைகுப்புற இறங்குது. கீழ விழப் பாத்தேன். இங்க பாருங்க, கை ரெண்டும் இன்னும் நடுங்குது!"

நீட்டினாள். நடுங்கியது. என் வாழ்க்கையில் அதைவிட அழகான காட்சியை நான் பார்த்ததில்லை. "இன்னொருக்கா சொல்லு" என்றேன்.

"என்னத்த?"

"ஹேண்டில் ஆடுதுன்னு சொன்னியே, அதை."

"என்ன, காது கேக்கலயா? ஆடுதுங்க, ஆடுது! மனுசன் ஓட்டுவானா அத?"

நான் தரையில் தக்காளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவள் பயந்துபோய், "ஐயோ, எனக்கு ஒண்ணும் ஆகலீங்க, விழலீங்க" என்று என்னைத் தேற்றினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். காகிதம், ஃபேன், ஸ்கேல், திங்கட்கிழமை டாக்டர் எல்லாம். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "என்கிட்டச் சொல்லாம இத்தன நாளா?" என்றாள். அப்புறம் அவளுக்கும் கண் கலங்கி, கலங்கிய கண்ணோடேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "ஸ்கேல் வெச்சா அளந்தீங்க? நல்ல வெளக்கெண்ண!"

அந்தக் கராஜ் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் திறந்திருக்கும். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்த டீச்சரை, பைபிள் பையோடேயே கூட்டிக்கொண்டு போனோம். பதினெட்டு நாளாகப் பதுங்கிக் கிடந்த கோபமெல்லாம் எனக்கு அப்போது வந்துவிட்டது. போனவுடன் கத்தினேன், தமிழிலேயே. அந்த ஆள் அசரவில்லை. டீச்சரிடம் நிதானமாக மராத்தியில் சொன்னார். டீச்சர் பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாயைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, நீங்க இவருட்ட என்னத்தச் சொன்னிய?"

"நீங்க சொன்னதுதான். தேல் பதல் கரா."

"போன்ல எழுதி வெச்சத வாசிச்சியளா? அரே தேவா! நான் சொன்னது பஸ்ஸோட ப. பதல், மாத்துறது. நீங்க வாசிச்சது பல்லோட ப. இவரு காதுல அது பாதள்னு விழுந்திருக்கு. பாதள்னா வேற. தண்ணியா, நீர்க்க. பாதள் கரான்னா, எண்ணெயத் தண்ணியாக்குங்கன்னு அர்த்தம்!"

நான் போனை எடுத்துப் பார்த்தேன். பதல். நம் எழுத்தில் பஸ்ஸுக்கும் அதே ப, பல்லுக்கும் அதே ப. அந்த அவசரத்தில் எது என்று நான் யோசிக்கவே இல்லை. ஆபீஸ் கேன்டீனில் வாரம் ஒருமுறை பாதள் பாஜி என்று நீர்க்க ஒரு கீரைக் குழம்பு ஊற்றுவார்கள். நாலு வருஷமாக அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் பாதள்தான் இந்தப் பாதள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கராஜ்காரர் என்ன செய்தார் என்றால், இந்த சாஹேபுக்கு முன்பக்கம் இடிக்காமல் பூப்போல வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். இருந்த எண்ணெயை வடித்துவிட்டு, கடையில் இருந்ததிலேயே மெல்லிசான எண்ணெயை ஊற்றியிருக்கிறார். நான் விடாமல் பதல் பதல் என்று கத்தியதால் அதில் கொஞ்சம் டீசலும் கலந்திருக்கிறார். "வேண்டாம்னு சொல்லத்தான் மூணு தடவ கேட்டாராம். நீங்க கோவப்பட்டியளாம்" என்றார் டீச்சர். நான் தரையைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

அவர் முன் ஷாக்கைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு தட்டில் வடித்துக் காட்டினார். விரலில் தொட்டேன். நிற்கவே இல்லை, தண்ணீர் போல வழிந்தது. ஷாக்குக்குள் எண்ணெய் கொழகொழவென்று இருந்தால்தான் ஸ்பிரிங் ஒருமுறை அமுங்கி எழுந்ததும் அடங்குமாம். நீர்த்துப் போனால் ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்த ஆளில்லை, அது தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். டீசல் பட்டு ரப்பர் சீலும் ஊறிப்போய்க் கசிய ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் எண்ணெய் வழிந்து பிரேக்கிலேயே இறங்கியிருக்கும் என்றார். நான் பயத்தில் வண்டியை மூடி வைத்தது எங்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். புது சீல் போட்டார். முறையான எண்ணெயை அளந்து ஊற்றினார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், விடுங்கள் சாஹேப் என்பதுபோலக் கையை ஆட்டிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் போனார். திரும்பி வரும்போது, யாரும் கேட்காமலேயே, ஹேண்டிலிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினார். வண்டி நேராக வந்தது.

"டீச்சர், இவர்கிட்ட ஒண்ணு கேளுங்க. ஆட்டம் வண்டியிலதான இருந்துச்சு? என் கையில இல்லையே?"

டீச்சருக்கு என் அப்பா விஷயம் தெரியாது. விசித்திரமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார். கராஜ்காரர் சிரித்தார். வண்டியின் முன்பக்கத்தைத் தட்டி, "காடீதச் ஹோதா, சாஹேப்" என்றார். வண்டியிலேயேதான் இருந்தது.

மூன்று தடவை ஒர்க்‌ஷாப்புக்குப் போய் என் அப்பா கேட்க ஆசைப்பட்டது இந்த ஒரு பேச்சைத்தான். யாருமே அவருக்கு அதைச் சொல்லவில்லை. நான் சொன்னது வேறு.

இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது. திரும்பச் சொல்லுங்கள் என்பதற்கு மராத்தியில் என்ன என்று டீச்சரிடம் கேட்டேன். "பரத் சாங்கா" என்றார். பிறகு விரலை ஆட்டி எச்சரித்தார். "இதுல பல்லோட ப. மாத்திச் சொல்லிராதிய."

சரியாகச் சொன்னேன். கராஜ்காரர் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பச் சொன்னார். அது அப்பாவுக்கு.

பிறகு மனைவி ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.